சிபில் கார்த்திகேசு அம்மையாரும் நாம் கற்க வேண்டிய முதலுதவியும்

நம் சங்கத்தின் பொன்விழா மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். கூடவே, முதலுதவி பற்றியும் மலரில் ஏதாவது வந்தால் குடும்பங்களுக்குப் பயன்படும் என்றார்கள். இரண்டையும் சேர்த்து எழுத நமக்கு நினைவில் வந்தவர் சிபில் கார்த்திகேசு அம்மையார். அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். நம் வட்டாரத்துக்காரரும் அல்லர். ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய பெயர் அது.

நம்மை எழுத வைத்தது ஒரு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன், கோல சிலாங்கூரில் நம் கடை வாசலில், பம்பு உதிரிப் பாகம் வாங்க வந்த ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பத்துப் பேர் கூடினோம். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர் விசிறினார். நாமும் நின்றோம். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா முடித்தவர்கள் நாம். நின்றுபோன பம்பை எப்படி ஓட்டுவது என்று தெரியும். நின்றுபோன இதயத்தை என்ன செய்வது என்று தெரியாது. ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் அந்தப் பெரியவர் போய்விட்டார். நம் கை பட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் நம் கை சும்மா இருந்தது என்பது நமக்குத் தெரியும். அதன்பிறகுதான் முதலுதவி வகுப்பில் சேர்ந்தோம். அதே நாட்களில்தான் இந்த அம்மையாரைப் பற்றியும் தேடிப் படித்தோம்.

சிபில் 1899 செப்டம்பர் 3 அன்று சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தார். தந்தை அயர்லாந்து வழி வந்த யுரேஷியர், தோட்டத்துறையில் இருந்தவர். தாயார் பிரெஞ்சு வழி யுரேஷியர். பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. பிறந்த ஊரின் பெயரையே மகளுக்கு நடுப்பெயராக வைத்தார்கள். தாயின் தொழிலே மகளுக்கும் வந்தது. தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். நம் தோட்டப்புறங்களில் இன்றும் தாதியை மிஸ்ஸி என்றுதானே அழைக்கிறோம்? அவரையும் மக்கள் அப்படியே அழைத்தார்கள்.

1919 ஜனவரியில், கோலாலம்பூர் புக்கிட் நனாஸ் தேவாலயத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகன் ஆறுமுகம் கணபதிப் பிள்ளை என்ற தமிழ் மருத்துவர். கிறிஸ்தவ முறைப்படி மணம் செய்துகொள்வதற்காக ஏப்டன் கிளமெண்ட் கார்த்திகேசு என்று பெயர் மாற்றிக்கொண்டார். அதே ஆண்டில் பிறந்த முதல் ஆண் குழந்தை ஒரு நாள்கூட உயிரோடு இருக்கவில்லை. பின்னர் வில்லியம் என்ற பிள்ளையைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். ஒல்கா, டான் என்று இரண்டு பெண் பிள்ளைகளும் பிறந்தார்கள்.

1926 முதல் ஈப்போ புருஸ்டர் சாலை 141ஆம் எண் கட்டடத்தில் கணவரும் மனைவியும் கிளினிக் நடத்தினார்கள். இன்று அந்தச் சாலையின் பெயர் ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா. அம்மையார் கண்டோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனக் குடும்பங்களின் பெண்கள் பிரசவத்துக்கு அவரை நம்பி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நோயாளியிடம் அவரவர் மொழியில் பேசுவதே பாதி மருந்து என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. சில வாரங்களுக்குள் பேராக் முழுவதும் போர் பரவியது. ஈப்போ விழுவதற்குச் சில நாட்கள் முன்பு குடும்பம் பப்பான் என்ற சிற்றூருக்குப் போனது. நாம் இங்கிருந்து சபா பெர்ணம், தெலுக் இந்தான் வழியாக வடக்கே போனால் கிந்தா வட்டாரத்தில், பத்து காஜாவுக்கும் பூசிங்குக்கும் பக்கத்தில் அந்த ஊர் இருக்கிறது. ஒரே ஒரு கடைத்தெரு. சுற்றிலும் ஈயக் குட்டைகளும் காடும். அந்தத் தெருவில் 74ஆம் எண் கடைவீட்டில் அம்மையார் மருந்தகம் வைத்தார். முன்கதவு ஊர் மக்களுக்குத் திறந்திருந்தது. காய்ச்சல், பிரசவம், புண், சிரங்கு என்று எல்லாவற்றுக்கும் அவரிடமே வந்தார்கள்.

இரவில் பின்வாசலும் திறந்தது. காட்டில் இருந்து ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர், காயம்பட்டவர்களையும் நோயுற்றவர்களையும் வீட்டின் பின்புறக் காய்கறித் தோட்டத்தின் வழியாகக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் சீன இளைஞர்கள். சிலருக்குத் துப்பாக்கிக் குண்டுக் காயம், பலருக்கு மலேரியா, அழுகிய புண். அம்மையார் புண்ணைக் கழுவிக் கட்டினார். தேவைப்பட்டபோது கணவர் அறுவை செய்தார். விடிவதற்குள் அனுப்பிவைத்தார்கள். பிடிபட்டால் உயிர் தங்காது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் காலத்தின் நிலையை நம் பிள்ளைகள் நினைத்துப் பார்க்க வேண்டும். கடல் வழி அடைபட்டு மருந்துக்குத் தட்டுப்பாடு. மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் – பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்டு, காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் மடிந்த காலமும் அதுதான். சிலாங்கூர் லயங்களில் வாழ்ந்த மூத்த தலைமுறையினர் அந்தக் கதையைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். மருத்துவமனை எட்டாத இடத்தில், சுத்தமான துணியும் கொதிக்க வைத்த தண்ணீரும் தெரிந்த கையும் எவ்வளவு பெரிய செல்வம் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்திருந்தது.

வீட்டில் வானொலிப் பெட்டியையும் ஒளித்து வைத்திருந்தார்கள். வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பது பெரும் குற்றமாக இருந்த காலத்தில், பிபிசி செய்தியைக் கேட்டு நம்பிக்கையானவர்களுக்குச் சொன்னார் அம்மையார்.

1943இல் கெம்பெத்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீஸார் கணவரையும் வில்லியமையும் அம்மையாரையும் பிடித்தார்கள். வந்தவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், யார் தொடர்பு வைத்திருந்தார்கள் என்பதே அவர்களுக்கு வேண்டியிருந்தது. அடித்தார்கள். நகக்கண்ணில் ஊசி ஏற்றினார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள். தண்ணீரை வயிறு முட்ட ஊற்றி மிதித்தார்கள். முதுகெலும்பு பாதிக்கப்பட்டு நடக்க முடியாமல் போனது. பூட்ஸ் காலால் உதைத்ததில் தாடையில் பட்ட காயம் கடைசி வரை ஆறவில்லை.

எதற்கும் பெயர்கள் வெளிவராததைக் கண்டு, யோஷிமுரா என்ற விசாரணை அதிகாரி ஏழு வயதை எட்டிய டானைக் கொண்டுவரச் செய்தார். அந்தக் குழந்தையைக் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டி, தாயைப் பார்க்க வைத்தார்கள். அப்போதும் அவர் சொல்லவில்லை. கடைசி நேரத்தில் குழந்தை இறக்கப்பட்டு உயிர் தப்பினாள்.

இந்த இடத்தை நாம் பலமுறை யோசித்தோம். பெற்றவர்களாகிய நமக்கு இதை ஏற்றுக்கொள்வது எளிதல்ல. சொல்லியிருக்கலாமே என்று மனம் சொல்கிறது. ஆனால் ஒரு பெயரைச் சொன்னால் அந்த ஒருவரோடு நின்றிருக்காது. அவர்களுக்குச் சோறு கொடுத்தவர், வழி காட்டியவர், பப்பான் தெருவில் பாதிப் பேர் பிடிபட்டிருப்பார்கள். தம்மை நம்பி வந்த நோயாளியின் பெயர் அவருக்கு அமானிதமாக இருந்தது. கடையில் பிறர் பணத்தைப் பெட்டியில் வைத்துக் காக்கும் நமக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரியும். அவர் காத்தது அதைவிடப் பெரியது.

ஆயுள் தண்டனை விதித்து அவரைப் பத்து காஜா சிறையில் அடைத்தார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகுதான் விடுதலை கிடைத்தது. மேல்சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவரைச் சித்திரவதை செய்த யோஷிமுரா போர்க்குற்ற விசாரணையில் மரண தண்டனை பெற்றார். அம்மையாரின் துணிச்சலுக்காகப் பிரிட்டிஷ் மன்னர் ஜார்ஜ் பதக்கம் வழங்கினார். படுக்கையில் இருந்தபடியே தம் அனுபவங்களைச் சொல்லி எழுத வைத்தார். அது 1954இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தது. ஆனால் அச்சில் பார்க்க அவர் இல்லை. தாடைக் காயத்திலிருந்து கிருமி இரத்தத்தில் பரவி, 1948 ஜூன் 12 அன்று ஸ்காட்லாந்தில் இறந்தார். வயது 48. எத்தனையோ பேரின் புண்ணைக் கழுவிக் கட்டியவரின் உயிரை ஒரு புண்ணே எடுத்துக்கொண்டது.

லானார்க் என்ற ஊரில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடலை 1949இல் ஈப்போவுக்குக் கொண்டுவந்து, செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை அடுத்த கல்லறையில் அடக்கினார்கள். ஈப்போவில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. பப்பான் 74ஆம் எண் வீடும் அவர் நினைவாகப் பேணப்பட்டு வருகிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஈப்போ பக்கம் அழைத்துப் போகும் நம் குடும்பங்கள் அரை நாள் ஒதுக்கி அந்தத் தெருவையும் பார்த்து வரலாம்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். இன்று போர் இல்லை. தஞ்சோங் காராங்கில் அரசு மருத்துவமனை இருக்கிறது. 999ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். ஆனால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் செம்பனைத் தோட்டத்தின் உட்புறத்தில் ஒருவர் விழுந்தால் மண்சாலை தாண்டி ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது அங்கே லோரி ஓட்டும் எவருக்கும் தெரியும். இதயம் நின்றால் மூளை தாங்குவது சுமார் 4 முதல் 6 நிமிடம் வரைதான். அந்த நிமிடங்கள் டாக்டரின் கையில் இல்லை. பக்கத்தில் நிற்பவர் கையில் இருக்கின்றன.

சிபில் அம்மையாருக்குக் கிடைக்காத ஓர் அறிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்கும் முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்களும் பொறியாளர்களும் 1960இல்தான் உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள். அம்மையார் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. அவர்களில் கூவன்ஹோவன் என்பவர் டாக்டர் அல்லர், மின்பொறியாளர். இதைப் படித்தபோது டிப்ளோமாக்காரர்களான நமக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. சிபிஆர் என்று நாம் சொல்வது இதைத்தான்.

செய்முறை இதுதான். விழுந்தவரின் தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் ஒருவரை 999க்கு அழைக்கச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். அவரைக் கெட்டியான தரையில் மல்லாத்துங்கள். நெஞ்சின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றக் கையை மேலே கோத்து, முழங்கையை மடக்காமல் அழுத்துங்கள். பெரியவர்களுக்கு ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வோர் அழுத்தலுக்கும் பிறகு நெஞ்சை முழுதாக மேலே எழவிட வேண்டும். கைப்பம்பு மேலே வராமல் மறுபடி தண்ணீர் இழுக்காது அல்லவா? இதயமும் அப்படித்தான்; எழும்போதுதான் இரத்தம் நிரம்பும். பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தலுக்கு 2 முறை வாயோடு வாய் ஊதலாம். பயிற்சி இல்லாதவர்கள் நிறுத்தாமல் அழுத்தினாலே போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்; களைத்த கை ஆழமாக அழுத்தாது. மின் அதிர்ச்சி தரும் ஏஇடி கருவி பக்கத்தில் இருந்தால் உடனே கொண்டுவரச் சொல்லுங்கள். கருவியே குரல் கொடுத்து வழி சொல்லும்.

இரத்தம் பீறிட்டால், அதிலும் செம்பனைக் குலை வெட்டும் அரிவாள் பட்டால், சுத்தமான துணியை வைத்துப் பலமாக அழுத்திப் பிடியுங்கள். நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொரு துணியை வையுங்கள். காப்பித்தூள், புகையிலை, மஞ்சள் வேண்டாம். அம்மையாரின் முடிவை நினைத்துக்கொள்ளுங்கள். புண்ணில் போகும் கிருமியை லேசாக எண்ணக் கூடாது. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள்.

அடுப்படியில் தீயோ கொதி எண்ணெயோ பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசையும் கிச்சாப்பும் மருந்தல்ல. வலிப்பு வந்தவர் கையில் சாவி கொடுப்பதோ வாயில் கரண்டி வைப்பதோ வேண்டாம். இடிபடும் பொருள்களை அகற்றி, வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மின்கம்பியில் அரிவாள் கம்பு பட்டு விழுந்தவரை, மின்சாரம் நின்றுவிட்டது என்று உறுதியாகத் தெரியும் வரை தொடாதீர்கள். ஒருவர் போய் இருவராகிவிடும்.

நம் குடும்பங்களில் ஒரு தயக்கமும் உண்டு. அந்நியப் பெண்ணையோ ஆணையோ தொடலாமா என்று. உயிர் போகிற நிர்ப்பந்த நேரத்தின் சட்டம் வேறு என்பதை நம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம். அதோடு, நம் உம்மாமாரும் ராத்தாமாரும் தங்கைமாரும் இதைக் கற்றுக்கொண்டால் அந்தத் தயக்கத்துக்கே இடம் குறையும். வீட்டில் பகல் முழுவதும் பெரியவர்களோடும் குழந்தைகளோடும் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். பப்பானில் பின்வாசலைத் திறந்ததும் ஒரு பெண்தான்.

ஓர் உயிரைக் காப்பதன் மகத்துவத்தை ஓதும் பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். செய்முறைதான் நம்மிடம் குறைவு. அம்மையார் இரவில் வந்தவரிடம் நீ எந்த இனம், எந்த மதம் என்று கேட்டுவிட்டுப் புண்ணைக் கட்டவில்லை. கட்டத் தெரிந்திருந்ததால் கட்டினார். தெரியாதவருக்கு இரக்கம் மட்டும் இருந்து பயனில்லை. நம் கடை வாசலில் அன்று கூடிய பத்துப் பேருக்கும் இரக்கம் இருந்தது.

ஐம்பது ஆண்டுகளாக நல்லதற்கும் கெட்டதற்கும் ஒன்றுகூடி வரும் சங்கம் இது. சங்க மண்டபத்தில் ஒரு முதலுதவிப் பெட்டியும், முடிந்தால் ஒரு ஏஇடி கருவியும் வைக்க வேண்டும் என்றும், வீட்டுக்கு ஒருவராவது முறையான பயிற்சியில் சேர வேண்டும் என்றும் நிர்வாகத்தையும் உறுப்பினர்களையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். இந்தக் கட்டுரையைப் படிப்பது பயிற்சிக்கு ஈடாகாது. ரப்பர் பொம்மையின் நெஞ்சில் ஒருமுறை அழுத்திப் பார்த்தால்தான் 5 சென்டிமீட்டர் எவ்வளவு ஆழம் என்று கைக்குத் தெரியும். முதல் வகுப்புக்கு நாற்காலி போடும் வேலையை நாமே ஏற்றுக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.